குழையம்மனுக்கு நேர்ந்த காது

என் கடைக்கு வந்த யாரையும் நான் வெறும் வாயோடு அனுப்பியதில்லை. வாங்க வந்தவரானாலும் சரி, வேடிக்கை பார்க்க வந்தவரானாலும் சரி, ஒரு குவளை இஞ்சித் தேநீராவது கையில் கொடுத்துவிடுவேன். உங்களுக்குச் சீனி போடவில்லை, டாக்டர். உங்கள் வயதுக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்தவருக்கு எது நல்லது என்று நானே முடிவு செய்வது பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம். பாதி வாழ்க்கையைச் சரித்திர ஆசிரியையாகக் கழித்தவளுக்கு அது இலேசில் போகாது.

உட்கார்ந்ததும் நீங்கள் ஒரு கோயிலுக்கு வழி கேட்டீர்கள். குழையம்மன் கோயில் எங்கே இருக்கிறது என்று. என் கடையில் வேலை செய்த காமினி உங்கள் கிளினிக்கில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் காதைத் தொடவிடாமல் எழுந்து போனாளாம். அவள் இறந்த பிறகும் அந்தப் பெயர் உங்களை விடவில்லை. தண்ணீர்மலைக் கோயிலில் விசாரித்திருக்கிறீர்கள், ஊருக்குள் இருக்கிற மாரியம்மன் கோயில்களில் விசாரித்திருக்கிறீர்கள், தீவை விட்டுப் பாலம் தாண்டி கெப்பாலா பத்தாஸ் தோட்டத்துப் பூசாரி வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவளுடைய அம்மா மீனாட்சிதான், "டீச்சரைக் கேளுங்க டாக்டர், அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லி உங்களை இங்கே அனுப்பியிருக்கிறாள்.

வழி சொல்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் விளங்காது. எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஆர்மினியன் தெருவுக்குப் பின்னால், இப்படி ஒரு சந்தில், இந்தத் தாட்சாயினி நகைக்கடை வைக்கப் போகிறாள் என்று கேட்டபோது நம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மாவும் சிரித்திருப்பார். வெள்ளிக்கிழமைகளில் என் அம்மாவோடு ஒரே பாயில் உட்கார்ந்து தேவாரம் பாடியவர் அல்லவா. அதுவும் தங்கம் வைரம் விற்காமல், தெலுங்கு தேசத்து லம்பாடிப் பெண்களின் வெள்ளிச் சங்கிலி, தாய்லாந்து மலையிலிருந்து வரும் கழுத்து வளையம், சரவாக்கின் பழைய மணிமாலை என்று யாரோ போட்டுக் கழித்ததை விற்கிறேன் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். இப்போது அதே குடும்பங்களின் பெண்கள் இங்கே வருகிறார்கள். வங்கி அதிகாரி கறுப்புச் சட்டைக்கு மேலே லம்பாடிச் சங்கிலியைத் தொங்கவிடுகிறாள். கல்யாண வரவேற்பில் மணப்பெண் காஞ்சிபுரப் பட்டுக்கு மேலே மலைநாட்டு வளையத்தை மாட்டுகிறாள். ஒருத்தி காலில் போட்டதை இன்னொருத்தி கழுத்தில் போடுகிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல நகை எந்த உடம்பிலும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். இதை யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று. ஆரம்பத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே நகையைப் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாள் மாசமாக இருந்த ஒரு பெண், மொத்தமான ஒரு வெள்ளிக் காப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். பிரசவத்துக்குப் பயப்படும் மருமகளுக்கு மாமியார் போட்டுவிடுவது என்று சொன்னேன். சும்மா வாய்க்கு வந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. காப்பை அங்கேயே மாட்டிக்கொண்டு போனாள். பிறகு ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு நன்றி சொன்னாள்.

அன்றைக்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன். அதன் பிறகு தெரியாது என்ற சொல் இந்தக் கடையில் கேட்கவே இல்லை.

பாம்படம் வந்தது அதற்குப் பிறகுதான். லிட்டில் இந்தியாவில் பழைய தங்கம் வாங்கி உருக்குகிற சுப்பையா அண்ணன், வித்தியாசமாக எது வந்தாலும் உருக்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு சத்தம் கொடுப்பார். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், நம் வீடுகளில் அது கிடையாது. கட்டமும் உருண்டையும் தட்டும் சேர்ந்த கனமான காது நகை. வளர்ந்து தோள் வரை இறங்கிய காதில்தான் அதை மாட்ட முடியும். ஆனால் பார்வைக்கு, நேற்று யாரோ ஒரு கட்டடக் கலைஞர் உட்கார்ந்து வரைந்தது போல அவ்வளவு புதிதாக இருந்தது. பார்த்த நிமிடமே தெரிந்துவிட்டது, இதை வைத்து இந்த ஊரையே என் கடை வாசலில் நிற்க வைக்கலாம் என்று.

ஒரே ஒரு சங்கடம். அது பழங்குடி நகையே அல்ல. திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கம் வயலில் வேலை செய்த சாதாரணப் பெண்கள் போட்டது. இங்கே தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் ஊர்கள் அவை. காமினியின் முன்னோர் வந்ததும் அங்கிருந்துதான். ஆனால் திருநெல்வேலி என்றால் கோலாலம்பூரிலிருந்து வருகிற பெண்களுக்கு முகம் மலர்வதில்லை. மலை என்றால் மலர்கிறது. ஆகவே பாம்படத்தை மலைமேல் ஏற்றினேன். பெயரைக்கூட வெளியே சொல்லாத ஒரு மலைச்சாதி, கடைசி மனிதரும் மறைந்துபோன ஒரு குடி என்று வைத்துக்கொண்டேன். மறைந்துபோனவர்கள் வந்து மறுத்துப் பேச மாட்டார்கள். எந்த இடத்தில் சாட்சி இருக்காது என்று சரித்திரம் படித்தவளுக்குத் தெரியாதா.

அதே அமைப்பில் வெள்ளியில் செய்யக் கொடுத்தேன். ஜூலையில், ஊரே கலை விழாவில் மூழ்கியிருக்கும்போது வெளியிடுவதாகத் திட்டம். படம் எடுக்க வந்த ஷர்வின் நல்ல பிள்ளை, எனக்குப் பல வருடமாகப் படம் எடுப்பவன். முதலில் காதில் கவ்விக்கொள்கிற மாதிரிச் செய்து ஒரு பெண்ணுக்கு மாட்டிப் பார்த்தோம். காதில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டது போல இருந்தது.

"இது செட் ஆகாதுக்கா," என்றான் ஷர்வின். "காதும் சேர்ந்துதான்லா இந்த நகை. காது இறங்காம இது சும்மா இரும்பு."

அவன் சொன்னது சரி. எனக்கு ஒரு காது வேண்டியிருந்தது.

காமினி பாயான் பாருவில், ஃபேக்டரிக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில், அம்மாவோடும் தங்கை ரூபினியோடும் இருந்தாள். வாரம் முழுக்க ஃபேக்டரியில் முகமூடி போட்டுக்கொண்டு வேலை. சனி ஞாயிறு என் கடையில். ஃபேக்டரியில் கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும், இங்க வந்தாத்தான் எனக்கு மூஞ்சி இருக்குன்னு ஞாபகம் வருது என்பாள். அழகான கழுத்து அவளுக்கு. வருகிறவர்கள் நகையைப் பார்ப்பதற்கு முன் அவளைத்தான் பார்ப்பார்கள். அவளிடம் கேட்டேன். சிரித்தாள்.

"காது அறுந்து தொங்கினா என்னை யாருக்கா கட்டிக்குவா? அதோட எனக்கு இனிப்பு நீர் இருக்கு. அம்மாவுக்கு இருக்கிற அதே கேடு. சின்னதா கீறினாலே ஆற மாட்டேங்குது."

உங்கள் கிளினிக்கின் நோயாளி அவள், அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கும் முதல் நாளே தெரியும் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். ஷர்வின்கூட, வேண்டாம்லாக்கா, வேற ஆள் பார்ப்போம் என்றான். சரி என்று விட்டுவிட்டேன். உண்மையாகவே விட்டுவிட்டேன்.

பிறகு மீனாட்சியின் காலில் புண் வந்தது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறியது. பெரிய ஆஸ்பத்திரியில், மருந்துக்குக் கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காமினி வாடிக்கையாளர் முன்னால் சிரித்துவிட்டுப் பின்கட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் தேநீர் கொண்டுபோனேன்.

"நீங்க இவ்வளவு படிச்சிருக்கீங்களேக்கா," என்றாள். "அந்த மலை, இந்த மலைன்னு எல்லா ஊரு சாமியும் சொல்வீங்களே. காலுக்குன்னு எதும் இருக்கா?"

அவளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் பாம்படம் இருந்தது. நான் அதைப் பார்த்தபடியே சொன்னேன். அந்த மலையில் குழையம்மன் என்று ஓர் அம்மன். வீட்டில் ஒருவருக்குக் கையோ காலோ போகும் என்ற நிலை வந்தால், அந்த வீட்டுப் பெண் தன் காதை அம்மனுக்கு நேர்ந்துவிடுவாள். இங்கே காது இறங்க இறங்க, அங்கே உறுப்பு தங்கும். காது தோளைத் தொட்ட நாளில் அம்மன் நகையை மாட்டி நேர்த்தியை முடிப்பார்கள்.

நீங்கள் தேடிய கோயில் இதுதான், டாக்டர். அந்தப் பின்கட்டுப் படிக்கட்டு. இங்கிருந்து பார்த்தாலே தெரியும்.

குழை என்றால் காதணி. நம் அம்மாக்கள் பாடிய தேவாரத்தில் வருகிற சொல்தான். பெயருக்காக நான் யோசிக்கவே இல்லை. கடையில் நாள்தோறும் கதை சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது, அதுவாக வந்து விழுந்தது. அவளை நேர்ந்துகொள்ளச் சொன்னதும் நான் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் நேர்ந்துக்கலாமாக்கா? நம்ம ஆளுங்க செஞ்சா அம்மன் ஏத்துக்குவாளா?" என்று அவளேதான் கேட்டாள். ஏற்றுக்கொள்வாள் என்று மட்டும்தான் சொன்னேன்.

அந்தக் காலத்தில் குழந்தைக்குக் காது குத்தி, பஞ்சைத் திணித்து, வருடக்கணக்கில் குணுக்கு என்கிற ஈய வளையத்தின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் காதை வளர்த்தார்கள். எனக்கு ஜூலை வரைக்கும்தான் நேரம் இருந்தது. படகுத் துறைப் பக்கம் தூண்டில் சாமான் விற்கிற கடையில், வலைக்குக் கட்டுகிற ஈயத்தை வாங்கினேன். சுப்பையா அண்ணன் அதை வளையமாக வளைத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். அலங்காரத்துக்கு என்றேன். துளையைப் பெரிதாக்கியது நான்தான், ஆமணக்கெண்ணெய் போட்டு, வேப்பங்குச்சி செருகி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் அம்மா அம்மா என்றாள். அவள் எந்த அம்மாவைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வாரா வாரம் இன்னும் கொஞ்சம் கனமான ஈயம் மாட்டினேன். ஃபேக்டரியில் தலையோடு சேர்த்து மூடிக்கொள்கிற தொப்பி இருந்ததால் வெளியே தெரியவில்லை.

மீனாட்சியின் கால் ஆற ஆரம்பித்தது.

மருந்து வேலை செய்தது, அவ்வளவுதான். அதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் பாயான் பாரு வீட்டில் அதை மருந்து என்று யார் நம்புவார்கள். மீனாட்சி ஊன்றுகோலோடு, தட்டு நிறையப் பூவும் பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். அம்மன் படம் எங்கே என்று கேட்டாள். படம் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியுமா. பாம்படத்தை எடுத்து ஒரு பித்தளைத் தட்டில் வைத்து, அவள் கொண்டுவந்த குங்குமத்தையே வைத்தேன். அவள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, அந்தக் காலோடு கீழே விழுந்து என் பாதத்தைத் தொட்டாள்.

"டீச்சர், இந்தக் கால் நீங்க குடுத்தது," என்றாள்.

வாழ்க்கையில் நான் அவ்வளவு கூசிப்போனதில்லை. எழுந்திருங்கள் அம்மா, அப்படி ஓர் அம்மனே இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால், என் காலைத் தொட்டவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாளே, அந்தப் பார்வையை நினைத்தேன். அவளை எழுப்பி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன்.

படம் எடுக்கிற வாரத்தில் காமினியின் இடது காது சிவந்து உப்பியிருந்தது. கொஞ்சம் நாற்றமும் இருந்தது. காதுக்குக் கீழே கழுத்து வரைக்கும் சூடாக இருந்தது, தொட்டுப் பார்த்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டேன். ஷர்வின் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இவளைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகலாம்லா," என்றான். முடித்துவிட்டுப் போகலாம் என்றேன். காமினியும், எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, எடுங்க என்றாள். வலது காது நன்றாக இருந்தது. இது படத்துக்குத்தான், காது தோளைத் தொட்டால்தான் நேர்த்தி முடியும் என்று சொல்லி, அதில் நகையை மாட்டி வலப்பக்கத்திலிருந்து எடுத்தோம். காய்ச்சலில் அவள் கண் பளபளத்தது. வெளிச்சத்தில் அது மிகவும் அழகாக வந்தது. ஷர்வின் அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவள் உங்கள் கிளினிக் வாசலிலிருந்து போனில் கூப்பிட்டாள். நான் இதே மேசையில் விழாவுக்கு விரிக்கிற துணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, டாக்டர் உடனே கழட்டச் சொல்றாரு. கழட்டிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். லெட்டர்கூட எழுதிக் குடுத்துட்டாரு. கழட்டினா அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

இங்கே ஒரு விஷயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொள்வாள் என்று மட்டும்தான் அவளிடம் சொன்னதாகச் சற்று முன் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. வலி தாங்காமல் ஒரு வாரம் அவள் ஈயத்தைக் கழற்றி வைத்திருந்தாள். துளை சுருங்கத் தொடங்கியிருந்தது. அப்போது எனக்குக் கோபம் வந்தது. நேர்த்தியை நடுவில் கழற்றினால், யாருக்காக நேர்ந்தோமோ அவர்கள் மேலேயே அது திரும்பும் என்று சொன்னேன். அதன் பிறகு அவளாகக் கழற்றவே இல்லை. தூங்கும்போதும் கழற்றவில்லை.

ஆகவே அவள் அப்படிக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. பொய் என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஈயத்தை வீசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். கூடவே அம்மாவிடமும் சொல்லியிருப்பாள், பாயான் பாருவுக்கே தெரிந்திருக்கும், நம் கெலுகோர் யாழ்ப்பாணத்தாரின் காதுக்கும் வந்திருக்கும், என் அப்பா பெயரைச் சொல்லி, விநாசித்தம்பியின் மகள் தோட்டத்துப் பிள்ளையிடம் பொய்ச்சாமி சொல்லிக் காதை அறுத்தாள் என்று. இதெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் எனக்குத் தோன்றியது. எவ்வளவு வேகமாகத் தோன்றுகிறது பாருங்கள்.

"உன் மனசுக்கு எது சரின்னு படுதோ, அதைச் செய்ம்மா," என்றேன்.

அன்பான பதில்தான். ஆனால் கேள்வித்தாளையும் நானே எழுதி, விடையையும் நானே எழுதிவிட்டு, பிள்ளையைச் சொந்தமாக யோசிக்கச் சொன்னேன். அவள் நின்ற தெருவில் மோட்டார் சைக்கிள் போகிற இரைச்சல் கேட்டது.

"அப்ப இருக்கட்டும்க்கா," என்றாள். பிறகு, "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

நன்றாக வந்திருக்கிறது என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை.

அவளை ரூபினி குளியலறைத் தரையில் கண்டெடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஈயத்தை வெட்டி எடுத்தார்கள், காதையும் எடுத்தார்கள், அதற்குள் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது. நான் போனபோது மீனாட்சி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள், ஊன்றுகோல் இல்லாமல். மகள் உள்ளே கிடக்கிறாள், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கழட்டிட்டாங்களே டீச்சர், அம்மன் கோவிச்சுக்க மாட்டாளே?" என்று கேட்டாள். கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது சொல்லி என்ன பயன், நீங்களே சொல்லுங்கள்.

சாவு வீட்டில் நான் ஓரமாக நிற்கத்தான் நினைத்தேன். மீனாட்சி விடவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "இவங்க சொல்லித்தான் என் மவ நேர்ந்துக்கிட்டா. என் காலுக்குப் பதிலா தன்னையே குடுத்துட்டா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகைக்கு நடுவில் அவள் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கும்பிட்டார்கள், டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெளியீட்டை அந்த மாதம் நடத்தவில்லை. அவ்வளவு மனசாட்சி எனக்கு இருந்தது. கொஞ்சம் தள்ளிவைத்து, அவள் நினைவாக என்று நடத்தினேன். அந்த வலப்பக்கப் படத்தைத்தான் பெரிதாக மாட்டினோம். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். பத்திரிகையில் எழுதினார்கள், பழமைக்குப் புது உயிர் என்று. இப்போது நகரத்தில் பாதிப் பெண்கள் என் பாம்படத்தைக் கவ்வியில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். காது இறங்காமலேயே. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் அது சாவிக்கொத்து மாதிரித் தெரியவில்லை போலிருக்கிறது.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று உங்கள் முகம் கேட்கிறது. பயம் இல்லை. இல்லாத சாமியைச் சொன்னதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இருந்தால் இருக்கட்டும். வெட்கம்தான். கண்ணாடியில் என் காதைப் பார்க்கக் கூசுகிறது. வேறு எவளாவது இதைச் செய்திருந்தால் அவள் வாசலை மிதித்திருக்க மாட்டேன். ஆனால் வெட்கத்தோடு இருப்பது பழகிவிடுகிறது, டாக்டர். அந்த வெட்கத்தை ஊர் பார்க்கிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அது என்னைப் பற்றியது இல்லை. மகள் அம்மனுக்காகச் செத்தாள் என்று நினைத்துத்தான் மீனாட்சி காலையில் எழுந்து பல் விளக்குகிறாள். ஒரு கடைக்காரியின் படத்துக்காகச் செத்தாள் என்று அவளிடம் போய்ச் சொல்வது இரக்கமா? நீங்கள் போய்ச் சொல்லலாம். உங்கள் கையை யாரும் பிடிக்கவில்லை. சொல்வதற்கு முன் அவள் முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். தேநீரைத் தொடவே இல்லையே நீங்கள்.

எழுந்திருக்காதீர்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன வெள்ளிக்கிழமை மீனாட்சி மறுபடியும் தட்டோடு வந்தாள். இந்தத் தடவை ரூபினியும் கூட வந்தாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, ஈரத் தலையில் பூ வைத்திருந்தாள்.

"பெரியவ பாதியில விட்டுட்டுப் போயிட்டா டீச்சர்," என்றாள் மீனாட்சி. "நேர்த்தி முடியாம அவளுக்கு அங்க எப்படி நிம்மதி இருக்கும்? கனவுல வந்து காதைக் காட்டி அழுறா. சின்னவ முடிச்சு வைக்கிறேங்குறா. இவளுக்கும் இனிப்பு நீர் ஆரம்பம்னு சொல்லியிருக்காங்க, ஆனா சாமி காரியத்துக்கு அதெல்லாம் பார்க்க முடியுமா?"

மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் அம்மன் இல்லை என்று சொல்ல வேண்டும். அம்மன் இல்லை என்றால் காமினி எதற்காகச் செத்தாள் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு வார்த்தைதான் வந்து நின்றது. ரூபினி அந்தப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். அக்காவைப் போலவே மெல்லிய காது. வலிக்குமா டீச்சர் என்று கேட்டாள். வலிக்காது என்றேன்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை, டாக்டர். இந்தத் தடவை அவசரப்படவில்லை. இருப்பதிலேயே இலேசான ஈயமாகப் பார்த்துத்தான் அவளுக்கு என் கையாலேயே மாட்டிவிட்டேன்.